பல்பு மாற்றியும் போகாத நிழல்: ஒரு நுண்ணோக்கி விளக்கின் நிகழ்வு ஆய்வு

தனியார் நோய்க்குறியியல் ஆய்வகம் ஒன்றில் கேமரா பொருத்திய நுண்ணோக்கி ஒன்றைப் பழுது பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எந்த ஸ்லைடைப் படம் எடுத்தாலும் இடது கீழ் மூலை இருண்டு விழுகிறது. அடுத்தடுத்த படங்களை ஒட்டிப் பெரிய படமாக்கினால், தரையில் ஓடு பதித்தது போல் கட்டங்கள் தெரிகின்றன. பல்பை மாற்றினார்கள், சரியாகவில்லை. வேறு கடையில் வாங்கி இன்னொன்றைப் போட்டதும் நிழல் கூடித்தான் போனது. "கண்ணால் பார்த்தா ஒண்ணும் தெரியலை, கேமராதான் கெட்டுப்போச்சு போல" என்றார் அங்கிருந்த டாக்டர். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது, ஆனால் கேமராவில் கோளாறு எதுவும் இல்லை.

இன்னொரு குறையையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். 40 மடங்கு அப்ஜெக்டிவில் (மாதிரியைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) சிவப்பணுக்களின் ஒரு பக்க விளிம்பு மட்டும் தடித்துக் கறுப்பாக, அணுவே புடைத்து நிற்பது போலத் தெரிகிறதாம். ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லியதாகத் தடவிய ரத்தப் படலம்) சரியாகக் காயவில்லை என்று அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை மூலை நிழலைவிட இதுதான் பெரிய தடயம்.

நுண்ணோக்கியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட், 100 வாட் ஹாலஜன் பல்பு. அது நுண்ணோக்கியின் முதுகுப் பக்கம் லேம்ப் ஹவுஸ் என்ற தனி விளக்குப் பெட்டியில் இருக்கிறது. பல்புக்குப் பின்னால் ஒரு குழி ஆடி, முன்னால் ஒளியைத் திரட்டி அனுப்பும் கலெக்டர் லென்ஸ். பல்பை மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்தத் திருகுகள் உண்டு, ஆடிக்குத் தனியாக உண்டு, கலெக்டரை முன்பின் நகர்த்தவும் ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களுக்கான சின்ன நுண்ணோக்கிகளிலும் இப்போது வரும் எல்இடி மாடல்களிலும் இந்தத் திருகுகள் பெரும்பாலும் இருக்காது. தொழிற்சாலையிலேயே மையப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். இனி சொல்லப்போவதில் கண்டென்சர் (ஸ்லைடுக்குக் கீழிருந்து ஒளியைக் குவிக்கும் லென்ஸ் தொகுதி) பற்றிய பகுதி மட்டும் அவற்றுக்குப் பொருந்தும்.

இதே கருவியில் காலையில் சிறுநீர் வண்டல் பார்க்கிறார்கள், மதியத்துக்கு மேல் ரத்த ஸ்மியரும் ஊசியால் உறிஞ்சி எடுத்த திசு மாதிரிகளும். சாயம் ஏற்றாத மாதிரி என்றால் கண்டென்சரைக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும் என்று நம் பக்கத்து லேப் டெக்னீஷியன் படிப்பில் சொல்லித் தருகிறார்கள். கான்ட்ராஸ்ட் கூடும், உண்மைதான். ஆனால் அந்த வேலையை கண்டென்சரில் உள்ள அப்பர்ச்சர் டயஃப்ரத்தை (ஒளி வரும் துளையை விரித்துச் சுருக்கும் தகடுகள்) கொஞ்சம் மூடியே செய்துவிடலாம். இறக்கிய கண்டென்சர் மதியம் பழைய உயரத்துக்குத் திரும்புவதில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

"ஸ்க்ரூ எதையாவது தொட்டீங்களா தம்பி?" என்று டெக்னீஷியனிடம் கேட்டேன்.

"எல்லாத்தையும் திருகிப் பார்த்தாச்சு சார்."

"எது எவ்வளவு?"

"அது ஞாபகம் இல்லை சார்."

யாரையும் குறை சொல்ல முடியாது. பல்பு மாற்றுவதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

திருகைத் தொடும் முன்

ஃபீல்டு, அதாவது நுண்ணோக்கியில் தெரியும் பரப்பு, ஒரு பக்கம் இருண்டாலே பல்பு என்று முடிவு கட்டுவது பழக்கமாகிவிட்டது. அதே நிழலை வேறு பலவும் உண்டாக்கும். அப்ஜெக்டிவுகளைத் தாங்கிச் சுழலும் நோஸ்பீஸ் 'கிளிக்' என்று உட்காராமல் பாதியில் நின்றாலும் ஒரு ஓரம் இருளும். நீல ஃபில்டர் செருகும் தட்டு முழுதாக உள்ளே போகாவிட்டால் விளிம்பு மென்மையாக, கிட்டத்தட்ட இதே மாதிரி நிழல் வரும். கேமரா அடாப்டர் சாய்ந்திருக்கலாம். ஸ்மியரே ஒரு பக்கம் தடிப்பாக இருக்கலாம். இவற்றை விலக்க எந்தத் திருகையும் தொட வேண்டியதில்லை. ஸ்லைடை நகர்த்தினால் நிழலும் நகர்கிறதா, அப்ஜெக்டிவை மாற்றினால் மாறுகிறதா, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைச் சுழற்றினால் கூடவே சுழல்கிறதா என்று பார்த்தால் போதும்.

இங்கே இந்த மூன்று கேள்விக்கும் 'இல்லை' என்பதே பதிலாக வந்தது. ஃபில்டர் தட்டும் சரியாகத்தான் இருந்தது.

அடுத்து கேமராவைத் தளர்த்தி 90 பாகை சுழற்றினேன். நிழல் வெளிச்சப் பாதையில் உண்டாகியிருந்தால் திரையில் அது வேறு மூலைக்குப் போக வேண்டும். கேமராவிலோ மென்பொருளிலோ இருந்தால் அதே மூலையில் நிற்கும். திரையில் பெரும்பங்கு நிழல் இடது கீழ் மூலையிலேயே நின்றது. மெல்லிய வேறொரு மங்கல் மட்டும் இடம் மாறியது. ஆக, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நிழல்கள்.

மென்பொருளைத் திறந்து பார்த்ததில் ஷேடிங் கரெக்ஷன் 'ஆன்' ஆகியிருந்தது. வெற்று ஃபீல்டை ஒருமுறை படம் பிடித்து வைத்துக்கொண்டு, எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் மென்பொருள் அதனால் வகுக்கிறது. வெற்றுப் படத்தில் பிரகாசமாக இருந்த இடத்தைக் குறைக்கும், மங்கலாக இருந்த இடத்தைத் தூக்கும். நல்ல வசதிதான். ஆனால் அந்த வெற்றுப் படம் இந்த நிழல் வருவதற்கு முன் இருந்த பல்பின் காலத்தில் எடுத்தது. அந்தப் பல்பு மையம் விலகி இடது கீழ்ப் பக்கம் அதிக வெளிச்சத்தைக் கொட்டியிருக்கிறது, மென்பொருளும் அதை அமைதியாகச் சமன் செய்துவிட்டது. படம் நன்றாக வந்ததால் பல்பு விலகியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. புதுப் பல்பு வந்தபோது வெளிச்சம் விழும் விதம் மாறியது, ஆனால் மென்பொருள் பழைய கணக்கிலேயே இடது கீழ் மூலையைக் குறைத்துக்கொண்டிருந்தது. திரையில் பெரிதாகத் தெரிந்த நிழல் அப்படி வந்ததுதான்.

கரெக்ஷனை 'ஆஃப்' செய்தவுடன் அந்த மூலை தெளிந்தது. வலது ஓரத்தில் இன்னொரு மங்கல் வெளியே வந்தது. கேமராவைத் திருப்பினால் அது இடம் மாறியது. விளக்கில் உள்ள உண்மையான கோளாறு இது.

ஐபீஸ் வழியாகப் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியாமல் போனதில் வியப்பில்லை. மெதுவாகக் குறையும் வெளிச்சத்தை நம் கண் பொருட்படுத்துவதே இல்லை, கேமரா அப்படி விடாது.

இரண்டு தளங்கள்

இந்தச் சிக்கலே முதலில் புகைப்படக்காரர்களுடையதுதான். 19ஆம் நூற்றாண்டில் விளக்கின் பிம்பத்தை நேராக மாதிரியின் மேலேயே குவித்துப் பார்த்தார்கள். விளக்கில் இருக்கும் ஏற்ற இறக்கமெல்லாம் மாதிரியின் மேல் வந்து விழும். ஜெர்மனியின் கீசென் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் கோலர், பாறையில் ஒட்டி வாழும் ஒருவகை நத்தைகளை ஆராய்ந்தார். நுண்ணோக்கிப் படங்கள் சீரான வெளிச்சத்தில் வர வேண்டும் என்பதற்காக அவர் ஒரு வழி கண்டு 1893இல் வெளியிட்டார். விளக்கின் பிம்பத்தை மாதிரியின் மேல் விழவிடாமல், கண்டென்சருக்குக் கீழே இருக்கும் அப்பர்ச்சர் டயஃப்ரத்தில் விழச் செய்தார். மாதிரியின் மேல் விழுவது கலெக்டர் லென்ஸின் முன்னால் இருக்கும் ஃபீல்டு டயஃப்ரத்தின் பிம்பம். 1900இல் அவர் யெனாவில் உள்ள ஸைஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். இன்றைக்கு ஆய்வக நுண்ணோக்கிகளில் வழக்கமாக இருப்பது அவர் பெயரிலான கோலர் வெளிச்ச முறைதான்.

பழுது பார்ப்பவருக்கு இதில் வேண்டிய விஷயம் ஒன்று. நுண்ணோக்கிக்குள் இரண்டு வரிசைத் தளங்கள் இருக்கின்றன. ஃபீல்டு டயஃப்ரம், மாதிரி, ஐபீஸுக்குள் இருக்கும் வளையம், கேமராவின் சென்சார் ஆகியவை ஒரு வரிசை. இவற்றில் ஒன்றில் இருப்பது மற்றதில் கூர்மையாகத் தெரியும். ஃபிலமென்ட் (பல்புக்குள் எரியும் கம்பிச் சுருள்), அப்பர்ச்சர் டயஃப்ரம், அப்ஜெக்டிவின் பின்குவியத் தளம் ஆகியவை இன்னொரு வரிசை. ஐபீஸ் வழியாகப் பார்ப்பது முதல் வரிசையை. ஐபீஸை உருவிவிட்டு வெறும் குழாய் வழியாகப் பார்த்தால் தெரிவது இரண்டாவது வரிசை. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் (சாயம் ஏற்றாத மாதிரியைத் தெளிவாகக் காட்டும் அமைப்பு) வைத்திருப்பவர்களிடம் இதற்கென ஒரு சிறிய சென்டரிங் டெலிஸ்கோப் இருக்கும், இல்லாவிட்டாலும் வெறும் கண்ணே போதும்.

பல்பு சற்றே விலகினால் அதன் முதல் பாதிப்பு இரண்டாவது வரிசையில்தான் தெரியும். ஒளி எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவில் வராமல் ஒரு பக்கமிருந்து சாய்வாக வரும். அதனால்தான் சிவப்பணுவின் ஒரு விளிம்பு தடித்தது. நிறமற்ற உயிரிகளைப் புடைப்பாகக் காட்டுவதற்கு இதை வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. சாய்வொளிக்கு எளிமையான ஒரு சோதனை இருக்கிறது. 40 மடங்கில் ஒரு அணுவைப் பார்த்துக்கொண்டே நுண் ஃபோகஸை மேலும் கீழும் திருக வேண்டும். ஒளி நேராக வந்தால் அணு இருந்த இடத்திலேயே மங்கித் தெளியும், சாய்ந்து வந்தால் பக்கவாட்டில் நழுவும். இங்கே கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி நழுவியது. பல்பைக் கழற்றாமலேயே விளக்கின் மேல் சந்தேகம் உறுதிப்பட்டது அப்போதுதான்.

பெரிய விலகலாக இருந்தால் ஃபிலமென்டின் பிம்பம் பாதி அப்பர்ச்சருக்கு வெளியே போய்விடும். அந்த நிலையில் ஃபீல்டின் ஓரமும் மங்கத் தொடங்கும்.

கண்டென்சர் முதலில்

விளக்கை மையப்படுத்துவதற்கு முன் கண்டென்சர் சரியாக இருக்க வேண்டும். கோணலான கண்டென்சருக்குப் பல்பைப் பொருத்தினால் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும், வேறு அப்ஜெக்டிவுக்கு மாறும்போது வெளியே வரும்.

10 மடங்கு அப்ஜெக்டிவில் ஒரு ஸ்மியரை ஃபோகஸ் செய்துவிட்டு ஃபீல்டு டயஃப்ரத்தை மூடினேன். நடுவில் கூர்மையான பலகோணம் தெரிய வேண்டிய இடத்தில், வலது மேல் பக்கம் ஒதுங்கிய மங்கலான ஒளித்திட்டு இருந்தது. கண்டென்சர் வண்டல் பார்க்கும் உயரத்திலேயே நின்றிருந்தது. மெல்ல ஏற்றினேன். பலகோணத்தின் விளிம்பில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும் இடத்தில் அது கூர்மையானது. அந்த நிலையில் கண்டென்சரின் மேல் லென்ஸ் ஸ்லைடை ஒட்டினாற்போல வந்துவிடும். நிறைய பேர் அந்த உயரத்தைப் பார்த்துப் பயந்து இறக்கிவிடுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தடிமனான மலிவு ஸ்லைடுகளில் பலகோணம் கடைசி வரை கூர்மையாகாமலே போவதுண்டு. ஸ்லைடு 1 மில்லிமீட்டர் அளவில் இருப்பது நல்லது.

அப்புறம் கண்டென்சரின் இரண்டு திருகுகளால் பலகோணத்தை நடுவுக்குக் கொண்டுவந்தேன். டயஃப்ரத்தைத் திறந்துகொண்டே வந்தால் பலகோணத்தின் எல்லா மூலைகளும் ஒரே நேரத்தில் ஃபீல்டின் ஓரத்தைத் தொட வேண்டும். அந்த ஓரத்தைத் தாண்டியவுடன் நிறுத்திவிட வேண்டும். முழுக்கத் திறந்து வைத்தால் தேவையில்லாத ஒளி உள்ளே சிதறி கான்ட்ராஸ்ட்டைக் கெடுக்கும். 40 மடங்கில் ஒருமுறை சரிபார்த்தேன். அப்ஜெக்டிவுகளின் மையம் ஒன்றுக்கொன்று துளி மாறும் என்பதால் அதிகம் பயன்படும் அப்ஜெக்டிவுக்கு ஏற்ப வைப்பதே நல்லது.

இவ்வளவிலேயே வலது ஓர மங்கல் பாதிக்கு மேல் போய்விட்டது. அணுவின் நழுவல் மட்டும் அப்படியே இருந்தது.

ஃபிலமென்ட்

வோல்டேஜை நன்றாகக் குறைத்துவிட்டு ஐபீஸைக் கழற்றி உள்ளே பார்த்தேன். ஃபிலமென்டைக் கண்ணால் நேராகப் பார்க்கும் வேலை என்பதால் குறைக்காமல் பார்க்கக் கூடாது. பொதுவாக லேம்ப் ஹவுஸுக்கு முன்னால் சொரசொரப்பான டிஃப்யூசர் கண்ணாடி இருக்கும், அது ஃபிலமென்டைக் கரைத்து ஒரே வெண்மையாக்கிவிடும். மையப்படுத்தும்போது அதை எடுக்க வேண்டும். இங்கே எடுக்கும் தேவையே வரவில்லை, அது ஏற்கெனவே இல்லை. 100 மடங்கில் வெளிச்சம் போதவில்லை என்று யாரோ கழற்றி, பத்திரமாகக் காகிதத்தில் சுற்றி மேசை டிராயரில் வைத்திருந்தார்கள். கண்டென்சர் இறங்கிக் கிடந்ததால் குறைந்த வெளிச்சத்தை டிஃப்யூசரைக் கழற்றி ஈடுகட்டியிருக்கிறார்கள்.

வட்டமான அப்பர்ச்சருக்குள் ஃபிலமென்டின் பிம்பம் ஒரு பக்கமாகச் சரிந்து, பாதி விளிம்புக்கு வெளியே இருந்தது. ஆடியின் பிரதிபலிப்பு காணவே இல்லை. பல்பின் பக்கத் திருகு முழுக்கத் திருகி முட்டி நின்றது. திருகு இப்படிக் கடைசி எல்லைக்குப் போயிருந்தால் அதை மேற்கொண்டு முறுக்கிப் பயனில்லை, பல்பு சாக்கெட்டில் சரியாக உட்காரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல நிலையில் உள்ள கருவியில் திருகுகள் தம் பாதையின் நடுப்பகுதியிலேயே வேலையை முடித்துவிடும்.

விளக்கை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டுத் திறந்தேன். பல்பின் ஒரு பின் முழுதாக இறங்காமல் ஃபிலமென்ட் சாய்ந்து நின்றது. கண்ணாடியில் விரல் தடமும் வெளுத்துப் பதிந்திருந்தது. ஹாலஜன் பல்பின் உறை குவார்ட்ஸ். விரலில் உள்ள உப்பு ஒட்டிய இடம் சூட்டில் பால் போல வெளுத்துப்போகும், அந்த இடத்தில் உறை பலவீனப்படும். அதனால்தான் டிஷ்யூ பேப்பரிலோ பல்போடு வரும் உறையிலோ பிடித்துத்தான் செருகச் சொல்கிறார்கள். தடம் பதிந்த பல்பைத் துடைத்துப் போட்டால் பதிந்தது போகாது. புதிதாக ஒன்றைப் போட்டோம், இரண்டு பின்னும் அடிவரை இறங்கும்படி அழுத்தி.

பிறகு எல்லாத் திருகுகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து தொடங்கினேன். முதலில் கலெக்டரை முன்பின் நகர்த்தி, அப்பர்ச்சர் வட்டத்தில் ஃபிலமென்டின் கம்பிச் சுருள்கள் தனித்தனியாகத் தெரியும் வரை கூர்மையாக்கினேன். அடுத்து பல்பின் உயரம், பக்கவாட்டு. பிம்பம் வட்டத்தின் நடுவுக்கு வந்தது. கடைசியாக ஆடி. அதன் பிரதிபலிப்பு தலைகீழாக வரும். அதை நேர் பிம்பத்தின் மேலேயே வைக்காமல் சுருள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்கள் நிரம்பும்படி ஒட்டி அமைத்தால் அப்பர்ச்சர் நன்றாக நிறையும். ஆடியைச் சரிக்கட்டும்போது எது நேர் பிம்பம் எது பிரதிபலிப்பு என்று குழப்பம் வந்தால் ஆடித் திருகைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கலாம், நகர்வது பிரதிபலிப்பு.

டிராயரிலிருந்த டிஃப்யூசரைத் துடைத்து மறுபடி செருகினோம். அப்பர்ச்சர் முழுக்க ஒரே சீராக வெளுத்தது. ஐபீஸைப் போடுவதற்கு முன்பே, குழாய்க்குள் பார்த்தபடி அப்பர்ச்சர் டயஃப்ரத்தை வட்டத்தின் 70 முதல் 80 விழுக்காடு வரை திறந்து வைத்தேன். சாயம் ஏற்றிய மாதிரிகளுக்கு வழக்கமான அளவு அது. வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ இந்த டயஃப்ரத்தைத் தொடக் கூடாது, அதற்கு வோல்டேஜும், வெளிச்சத்தின் அளவை மட்டும் குறைக்கும் அடர்த்தி ஃபில்டரும் இருக்கின்றன.

40 மடங்கில் நுண் ஃபோகஸைத் திருகினால் அணு நின்ற இடத்திலேயே மங்கித் தெளிந்தது. சிவப்பணுவின் விளிம்பு சுற்றிலும் ஒரே தடிப்பாகத் தெரிந்தது. டாக்டர் பழைய ஸ்மியர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப இது காயாத ஸ்மியர் இல்லையா?" என்றார்.

வரிசை முக்கியம்

திரையில் கரெக்ஷனை மட்டும் மீண்டும் 'ஆன்' செய்து பார்த்தபோது படம் முன்னைவிட மோசமாக வந்தது. ஒளி சீரானதால் பழைய வெற்றுப் படத்தின் குறை முழுசாகத் தெரிந்தது. பல்பைச் சீர் செய்துவிட்டு இந்த இடத்தில் 'நான் கெடுத்துவிட்டேன்' என்று எண்ணி மறுபடி திருகுகளைத் திருகத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். பழைய கோப்பை அழித்துவிட்டு, ஒவ்வொரு அப்ஜெக்டிவுக்கும் மாதிரி இல்லாத சுத்தமான ஸ்லைடு ஒன்றில் தனித்தனியாக வெற்றுப் படம் எடுத்துச் சேமித்தோம். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) அதற்கு முன்பே அமைத்தாக வேண்டும். பல்பின் வோல்டேஜை மாற்றினால் வெளிச்சத்தின் நிறமும் மாறும், குறைத்தால் மஞ்சள் கூடும். படம் எடுக்கும்போது வோல்டேஜை ஒரே குறியில் வைத்து, அளவை ஃபில்டரால் மட்டும் மாற்றுவதற்கு இதுதான் காரணம்.

அதே அறையில் ஒளிர்வு (ஃப்ளோரசன்ஸ்) நுண்ணோக்கி ஒன்றும் இருந்தது, 100 வாட் பாதரச விளக்கோடு. "அதையும் இதே மாதிரி செஞ்சிடலாமா சார்?" என்று டெக்னீஷியன் கேட்டார். தத்துவம் ஒன்றுதான், கை வைக்கும் விதம் வேறு. இந்த விளக்கில் ஆர்க்கின் (இரு மின்முனைகளுக்கு இடையே எரியும் ஒளி) நீளம் ஒரு மில்லிமீட்டரின் கால் பங்குதான். அதனால் துளி விலகினாலும் பாதிப்பு பெரிது. ஓர் அப்ஜெக்டிவைக் கழற்றிவிட்டு மேடையில் வெள்ளைத் தாள் வைத்து, அதில் விழும் ஆர்க்கின் பிம்பத்தையும் ஆடிப் பிம்பத்தையும் பார்த்து மையப்படுத்துவார்கள். கண்ணால் குழாய்க்குள் பார்க்கும் பேச்சே கூடாது, புற ஊதாக் கதிர் அதில் நிறைய. எரியும்போது உள்ளே அழுத்தம் மிக அதிகம், சூடாக இருக்கும்போது லேம்ப் ஹவுஸைத் திறந்தால் பல்பு வெடிக்கலாம், வெடித்தால் அறையில் பாதரச ஆவி. பற்றவைத்தால் குறைந்தது அரை மணி நேரம் எரியவிட வேண்டும், அணைத்தால் ஆறும் வரை மறுபடி பற்றவைக்கக் கூடாது. ஆயுள் வழக்கமாக 200 மணி நேரம் அளவில்தான். அந்த விளக்கு தன் மணிக் கணக்கைத் தாண்டியிருந்ததால் அதை நாங்கள் தொடவே இல்லை, மாற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

ஒரு குறை மிச்சம் இருந்தது. 4 மடங்கு அப்ஜெக்டிவில் ஃபீல்டைச் சுற்றிலும் ஒரு கறுத்த வளையம். இதற்கும் பல்புக்கும் சம்பந்தமில்லை. கண்டென்சரின் மேல் லென்ஸ் ஒளியைக் குறுகிய வட்டமாகக் குவித்துவிடுவதால் 4 மடங்கின் பெரிய ஃபீல்டு நிறைவதில்லை. அந்தக் கண்டென்சரில் மேல் லென்ஸை விலக்கும் நெம்புகோல் இருந்தது, விலக்கியதும் வளையம் போனது. 10 மடங்குக்கு மாறும்போது மறக்காமல் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். அதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி நுண்ணோக்கியின் தூணில் ஒட்டச் சொன்னார் டாக்டர். டெக்னீஷியன் அதன் கீழே தானாகவே இன்னொரு வரி சேர்த்துக்கொண்டார்: பல்பு மாற்றினால் பழைய கரெக்ஷன் கோப்பை அழிக்கவும்.